ராஜாளி கோழியைப் பிடித்ததைப் பார்த்தபின் ஒரு கேள்வி: டைனோசருக்கு அந்தப் பெரிய நகம் கிழிக்கவா, பிடிக்கவா?

கொழுந்துக்கூடை (கோத்தகிரி) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி டைனோசரைப் பற்றியதுதான், ஆனால் கோழியிலிருந்து தொடங்கினால்தான் சரியாகப் புரியும்.

மகள் எட்டாவது படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வெலாசிராப்டர் பொம்மை செய்கிறாள், கம்பியும் பேப்பர் கூழும் வைத்து. ஒரு காலைத் தூக்கி, அரிவாள் மாதிரி வளைந்த அந்த நகத்தால் இன்னொரு டைனோசரின் வயிற்றை ஒரே வீச்சில் கிழிப்பது போல. புத்தகத்தில் பார்த்தாலும் டிவியில் பார்த்தாலும் அப்படித்தான் இருக்கிறது. வயிற்றுக்கு அடிக்கச் சிவப்புப் பெயின்ட் கூட வாங்கி வைத்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை, பனி விலகி அப்போதுதான் வெயில் எட்டிப் பார்த்த நேரம். எங்கள் வீட்டுப் பின்பக்கம் தேயிலை, அதற்குள் வரிசையாகச் சில்வர் ஓக் மரங்கள். அங்கே ஒரு ராஜாளி வந்து உட்காரும், தலைக்குப் பின்னால் நீளக் கொண்டை வைத்தது. சத்தமே இல்லாமல் இறங்கி எங்கள் சிவப்புப் பெட்டையைப் பிடித்துவிட்டது. நான் கத்திக்கொண்டு ஓடினேன், நடுவில் வேலி, சுற்றிக்கொண்டு போக ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த நேரம் முழுக்க அது என்ன செய்தது என்று கண்ணால் பார்த்தேன். கோழியின் மேல் ஏறி நின்றது. இரண்டு காலாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டது. கோழி துள்ளும்போதெல்லாம் இறக்கையை விரித்து விரித்து அடித்து, கீழே சாய்ந்துவிடாமல் தன்னைச் சரிபண்ணிக்கொண்டது. அப்படியே, கோழி உயிரோடு கத்திக்கொண்டிருக்கும்போதே, முதுகில் இறகைப் பிடுங்கிக் கொத்த ஆரம்பித்துவிட்டது. காலால் ஒரு தடவை கூட வீசவில்லை, கிழிக்கவில்லை.

நான் கிட்டப் போனதும் விட்டுவிட்டுப் பறந்துவிட்டது. கோழி மதியத்துக்குள் செத்துப்போனது. புதைப்பதற்கு முன்னால் மகள் அதைத் திருப்பிப் பார்த்தாள். இறக்கைக்குக் கீழே இரண்டு பக்கமும் துளைகள், வட்டமாக, பென்சில் முனை போகிற அளவு. சுற்றிலும் தோல் கிழியவே இல்லை. கோணி ஊசியை மெதுவாக விட்டுப் பார்த்தாள், ஒரு அங்குலத்துக்கு மேல் உள்ளே போனது. முதுகில் மட்டும்தான் தோல் நார் நாராகக் கிழிந்திருந்தது, அது அலகால் வந்தது.

அன்றிலிருந்து அவள் பொம்மையைத் தொடவில்லை. "அம்மா, ராஜாளியால கிழிக்க முடியலன்னா டைனோசரால மட்டும் எப்படி முடியும்?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கண்காட்சிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.

கல்லெலும்பு எழுதியது:

அக்கா, உங்கள் மகள் கேட்ட இந்தக் கேள்வியைத்தான் ஆராய்ச்சியாளர்களும் நாற்பது வருடம் கழித்துக் கேட்டார்கள். நான் புவியியல் படித்தவன், சொந்த ஊர் ஊட்டி, இப்போது திருச்சிப் பக்கம் இருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இந்த வயிறு கிழிக்கும் கதைக்கு மூலம் டைனோனிகஸ், வெலாசிராப்டருக்குச் சொந்தக்கார டைனோசர். 1964-ல் அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் ஜான் ஆஸ்ட்ரம் குழு கண்டுபிடித்தது, 1969-ல் அவர் அதற்குப் பெயர் வைத்தார். பெயருக்கே 'பயங்கர நகம்' என்றுதான் அர்த்தம். மூக்கிலிருந்து வால் நுனி வரை மூன்றரை மீட்டர் வரும், வாழ்ந்தது சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னால். காலின் இரண்டாவது விரலில், அதாவது உள்பக்கத்து விரலில், மற்ற நகங்களை விட மிகப் பெரிய நகம். மேல் உறையோடு சேர்த்தால் 12 செ.மீ. இருந்திருக்கும் என்று கணக்கு. டைனோசர் என்றாலே மந்தமான பெரிய பல்லி என்று நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. இது சுறுசுறுப்பான வேட்டை மிருகம், ஒற்றைக் காலில் நின்று மறுகாலால் இரையைக் குத்திக் கிழித்திருக்கும் என்று ஆஸ்ட்ரம் எழுதினார். சுறுசுறுப்பு பற்றி அவர் சொன்னது சரி, அந்த ஒரு விஷயமே டைனோசர் படிப்பைத் தலைகீழாக மாற்றியது. கிழித்த கதை மட்டும் யாரும் சோதித்துப் பார்க்காமலே படங்களில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

2005-ல்தான் பில் மேனிங் என்ற ஆராய்ச்சியாளரின் குழு இங்கிலாந்தில் அதைச் சோதித்தது. இயந்திரக் கால் ஒன்றைச் செய்து, அதில் அதே வளைவில் நகத்தைப் பொருத்தி, செத்த பன்றி மேலும் முதலை மேலும் பலமாக அடித்துப் பார்த்தார்கள். வயிறு பிளக்கவில்லை. வட்டமாகத் துளைதான் விழுந்தது. உங்கள் மகள் கோணி ஊசி விட்டுப் பார்த்தாளே, அதே மாதிரித் துளை! அதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது அக்கா.

காரணம் இதுதான். உங்கள் பக்கம் கவாத்துக் கத்தி எல்லா வீட்டிலும் இருக்கும். அதுவும் வளைவுதான், ஆனால் உள்வளைவில் சாணை பிடித்த விளிம்பு இருக்கிறது, அந்த விளிம்பு இருப்பதால்தான் ஒரே இழுப்பில் தேயிலைக் கிளை துண்டாகிறது. டைனோனிகஸ் நகத்தின் உள்வளைவில் அப்படி விளிம்பு கிடையாது, மழுங்கி உருண்டையாக இருக்கும். நுனி மட்டும் கூர். அப்படியென்றால் அது கத்தி இனம் இல்லை, தொரட்டி இனம். தொரட்டியால் கிளையை வெட்ட மாட்டோம், மாட்டி இழுத்துப் பிடிப்போம்.

அடுத்தது 2011-ல் டென்வர் ஃபௌலர் குழு வெளியிட்ட ஆய்வு. இது உங்கள் கொல்லையில் நடந்ததற்கு அப்படியே பொருந்தும். இதற்கு முன் 2009-ல் அவர்கள் இன்றைய வேட்டைப் பறவைகளின் கால்களை அளந்து பார்த்திருந்தார்கள். பருந்து, ராஜாளி, கழுகு வகைகளில் இரண்டு நகம் மட்டும் மிகப் பெரிதாக இருக்கிறது. ஒன்று பின்விரலில், இன்னொன்று உள்பக்கத்து இரண்டாவது விரலில். காலுக்குள் அடங்காத பெரிய இரையைப் பிடிக்கும்போது மேலே ஏறி நின்று, உடம்பு எடையை அந்த நகங்கள் வழியாக இறக்கி, தப்பிக்க விடாமல் தரையோடு அழுத்தும். கொன்ற பிறகுதான் சாப்பிட வேண்டும் என்ற அவசரம் அவற்றுக்கு இல்லை. பைரி வகை வேறு மாதிரி, பிடித்ததும் கழுத்தைக் கடித்து முறித்துவிடும், அதற்கு அலகில் பல் மாதிரி ஒரு மேடு உண்டு. அதனால் அதன் நகங்களில் அவ்வளவு ஏற்றத்தாழ்வு இல்லை. ஆந்தை சின்ன இரையை விரலுக்குள் வைத்து நெரிக்கும்.

டைனோனிகஸிலும் பெரிதாக இருப்பது அதே இரண்டாவது விரல். கணுக்காலுக்குக் கீழே பாத எலும்பு குட்டையாக, தடியாக இருக்கிறது, வேகமாக ஓடுகிற காலை விட இறுக்கிப் பிடிக்கிற காலுக்கு ஏற்ற அமைப்பு. எனவே தன்னை விடச் சின்ன இரை மேல் பாய்ந்து, ஏறி நின்று, நகத்தை மாட்டி அழுத்திக்கொண்டு, வாயால் பிய்த்துத் தின்றிருக்கும் என்றார்கள். சாயாமல் இருக்கக் கையை இறக்கை மாதிரி அடித்துக்கொண்டிருக்கலாம் என்றும் சொன்னார்கள். இறகு முளைத்த கை அதற்கு. வெலாசிராப்டர் கை எலும்பில் இறகுத் தண்டு பதிந்த மேடுகளை 2007-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

உங்கள் பெட்டையின் மேல் நின்று இறக்கை அடித்ததே ராஜாளி, அந்தக் காட்சியை அப்படியே பொம்மையாகச் செய்யச் சொல்லுங்கள்.

குன்னூர்க் கறிக்கடை எழுதியது:

எனக்கு டைனோசர் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் தோலும் கறியும் இருபத்திரண்டு வருடமாகத் தெரியும். தம்பி சொன்னது சரி.

கடையில் ஆட்டை இரும்புக் கொக்கியில் மாட்டுகிறோம். கொக்கி நுனி கூராக இருக்கும், உள்ளே உருண்டைக் கம்பி. பின்னங்காலில் குதிகால் நரம்புக்கும் எலும்புக்கும் நடுவில் விட்டுவிட்டால் பதினைந்து கிலோ ஆடு நாள் முழுக்கத் தொங்கும், கிழியாது. தொடைக் கறியிலேயே மாட்டி இழுத்தாலும் ஒரு விரல்கடை நகரும், அப்புறம் கறி மடிந்து மடிந்து கொக்கிக்கு முன்னால் வந்து குவிந்து அதுவே தடுத்து நிறுத்திவிடும். நீங்கள் எவ்வளவு பலமாக இழுக்கிறீர்களோ அவ்வளவு நன்றாக மாட்டிக்கொள்ளும். கையில் ஏறிய தூண்டில் முள்ளும் இப்படித்தான்.

வயிற்றைத் திறப்பது தனி வேலை. தோல் வழுக்கும், உள்ளே வாங்கும். கத்தி கொஞ்சம் மழுங்கியிருந்தால் தோல் கத்தியோடு சேர்ந்து சுருங்கிக்கொண்டே வரும், வெட்டு விழாது. அதனால்தான் ஒரு ஆட்டுக்கு இரண்டு மூன்று தடவை கத்தியைச் சாணைக்கம்பியில் தேய்க்கிறோம். செத்து அசையாமல் தொங்குகிற ஆட்டுக்கே இந்தப் பாடு. உயிரோடு துள்ளுகிற பிராணியின் வயிற்றை, விளிம்பு இல்லாத நகத்தை வைத்து, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு ஒரே வீச்சில் திறப்பது நடக்காத காரியம்.

பாப்பாவுக்கு ஒரு யோசனை. கண்காட்சியில் பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு கொக்கியும் ஒரு கத்தியும், வாழைத்தண்டு ஒன்றும் வைக்கச் சொல்லுங்கள். கொக்கியால் இழுத்தால் என்ன ஆகிறது, கத்தியால் இழுத்தால் என்ன ஆகிறது என்று வருகிறவர்களையே ஆசிரியர் முன்னால் செய்து பார்க்கச் சொல்லலாம். கொக்கி வேண்டுமென்றால் மார்க்கெட்டில் எந்தக் கறிக்கடையில் கேட்டாலும் பழையது ஒன்று கொடுப்பார்கள்.

குளிர்காற்று79 எழுதியது:

நான் இதை முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு காரணம் சொல்கிறேன்.

ஒன்று, நமக்குக் கல்லாகக் கிடைப்பது நகத்துக்குள் இருக்கிற எலும்பு மட்டும். அதன் மேல் இருந்த உறை, நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருள், அது மட்கிப் போய்விடும். அந்த உறையில் கூர் விளிம்பு இருந்திருந்தால்? எலும்பு உருண்டை என்பதால் நகமும் உருண்டை என்று எப்படிச் சொல்வது?

இரண்டு, காசுவாரிப் பறவை. ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் இருப்பது. அதற்கும் உள்பக்கத்து விரலில் குத்துவாள் மாதிரி நகம், 12 செ.மீ. வரை வரும். அது உதைத்து ஆளையே கொன்றிருக்கிறது. டைனோசரும் உதைத்திருக்கலாமே?

கல்லெலும்பு எழுதியது:

நல்ல கேள்விகள் அண்ணா, இரண்டுமே ஆராய்ச்சியாளர்கள் யோசித்தவைதான்.

உறை பற்றி: ஆமாம், கல்லில் உறை தங்குவது அபூர்வம். ஆனால் இன்று உயிரோடு இருக்கிற உறவினர்களைப் பார்க்கலாம். அக்கா வீட்டில் மிச்சமுள்ள கோழி ஒன்றைப் பிடித்து விரலைத் திருப்பிப் பாருங்கள், நகத்தின் அடிப்பக்கம் தட்டையாக, நடுவில் வாய்க்கால் மாதிரி குழிந்திருக்கும். கழுகு, ராஜாளிக்கும் நகத்தின் அடிப்பக்கம் ஏறக்குறைய இப்படித்தான். கத்தி மாதிரி நடுவில் ஒற்றை விளிம்பு கொண்ட நகம் எந்த வேட்டைப் பறவைக்கும் இல்லை. உறை நகத்தை நீளமாக்கும், நுனியைக் கூராக்கும். அதனால் குத்தும் வேலை இன்னும் சுலபமாகும்.

காசுவாரி பற்றி: அதன் நகம் நேராக இருக்கும், ஈட்டி மாதிரி. பழம் தின்னும் பறவை அது. உதைப்பது தன்னையும் குஞ்சையும் காப்பாற்றிக்கொள்ள, வேட்டைக்கு அல்ல. உதைத்துவிட்டு விலகிவிட வேண்டும் என்பது அதன் தேவை. வேட்டையாடுகிறவனுக்கு எதிர்த் தேவை, இரை விலகிப் போகக் கூடாது. நேர் நகத்துக்கும் வளைந்த நகத்துக்கும் வித்தியாசமே இதில்தான் இருக்கிறது. டைனோனிகஸ் ஆபத்து நேரத்தில் உதைத்திருக்காது என்று நான் சொல்லவில்லை, கண்டிப்பாக உதைத்திருக்கும். வளைவு எதற்காக வந்தது என்பதுதான் கேள்வி.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது, இதில் யாரும் ஊகம் செய்ய வேண்டியதில்லை. 1971-ல் போலந்து, மங்கோலியக் குழு கோபிப் பாலைவனத்தில் ஒரே இடத்தில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கண்டெடுத்தது. ஒன்று வெலாசிராப்டர், மற்றது புரோட்டோசெராடாப்ஸ், செடி தின்னும் இனம், கிளி மூக்கு மாதிரி அலகு, கழுத்துக்குப் பின்னால் எலும்புக் கவசம். சண்டையின் நடுவிலேயே மணலுக்குள் புதைந்துவிட்டன. வெலாசிராப்டரின் வலது கை மற்றதன் வாய்க்குள் மாட்டியிருக்கிறது. அதன் ஒரு காலின் வளைந்த நகம் எதிராளியின் கழுத்துப் பக்கம் இருக்கிறது. ஏழு கோடி ஆண்டுக்கும் மேல் அப்படியே பிடித்த பிடி. படங்களில் வருகிற மாதிரி வயிற்றில் நீளக் கீறல் போடுகிற நிலையில் அந்தக் கால் இல்லை, கழுத்து நரம்பும் மூச்சுக்குழாயும் இருக்கிற இடத்தில் இருக்கிறது. அங்கே ஆழமாக ஒரு துளை விழுந்தாலே போதுமே.

ஒரு விஷயம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சினிமாவில் வெலாசிராப்டரை ஆள் உயரத்துக்குக் காட்டுவார்கள். உண்மையில் வான்கோழி அளவுதான், வாலோடு சேர்த்து இரண்டு மீட்டருக்குள், எடை 15 கிலோ பக்கம். நகம் ஆறரை செ.மீ. பொம்மை செய்யும்போது அளவு முக்கியம், கவனியுங்கள்.

கொழுந்துக்கூடை எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மகளை உட்கார வைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கோழியைப் பிடித்து நகத்தைத் திருப்பிப் பார்த்தோம், தம்பி சொன்ன மாதிரியே குழிவு இருக்கிறது. இத்தனை வருடம் கோழி வளர்க்கிறேன், ஒரு நாளும் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை.

அவளுக்கு இப்போது புதுச் சந்தேகம். கோழி நகம் தரையில் சீய்த்துச் சீய்த்து நுனி மழுங்கிப் போயிருக்கிறது. டைனோசரும் நடக்கும்தானே, அந்தப் பெரிய நகம் மட்டும் மழுங்காமல் எப்படி இருந்திருக்கும் என்கிறாள்.

மசினகுடி வண்டி எழுதியது:

அக்கா, இதற்கு நான் கொஞ்சம் சொல்லலாம். காட்டுப் பாதையில் ஜீப் ஓட்டுகிறேன், காலையில் முதல் வேலையே மண்ணில் தடம் பார்ப்பதுதான்.

மழை பெய்து ஈரம் காயாத மண்ணில் செந்நாய்த் தடமும் சிறுத்தைத் தடமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் குழந்தை கூட வித்தியாசம் சொல்லிவிடும். செந்நாய்த் தடத்தில் விரலுக்கு முன்னால் நகம் குத்திய புள்ளி தெரியும். சிறுத்தைக்கும் புலிக்கும் தெரியாது, நகத்தை உறைக்குள் இழுத்து வைத்துக்கொண்டுதான் நடக்கும். செந்நாய்க்கு நகம் ஓடுவதற்குப் பிடிமானம், ஆணி வைத்த ஷூ மாதிரி, மழுங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது. கூட்டமாக ஓடித் துரத்தி வாயாலேயே காரியத்தை முடித்துவிடும். சிறுத்தைக்கு அப்படி இல்லை, தனி ஆள். நகம் மானின் தோளில் மாட்டவில்லை என்றால் அன்றைக்குப் பட்டினி. அதனால் பொத்திப் பொத்தி வைக்கும். கொல்வது சிறுத்தையும் வாயால்தான், தொண்டையைக் கவ்விக்கொண்டு அப்படியே தொங்கும், நகம் அதுவரை பிடித்துக்கொடுக்கிற வேலை மட்டும்.

நான் ஒரு தடவை கிட்டத்தில் பார்த்திருக்கிறேன், சிறுத்தை அடித்துப் போட்டுவிட்டுப் போன புள்ளிமான். தோளில் நாலு துளை, வரிசையாக. தொண்டையில் இரண்டு. தோல் பெரிதாகக் கிழியவில்லை. இதைப் படித்த பிறகுதான் அது ஏன் என்று யோசிக்கிறேன்.

நகம் பெரிது என்றால் வேட்டைக்காரன் என்றும் நினைத்துவிடாதீர்கள். இந்த மலையில் நீளமான நகம் கரடிக்குத்தான், மூன்று நாலு அங்குலம் இருக்கும். அது தோண்டுவது கரையான் புற்றை. உங்கள் கோத்தகிரிப் பக்கம் தேயிலைக்குள் கரடி வருவது உங்களுக்கே தெரியும், மனிதனைக் கண்டு பயந்து அடித்தால் முகமே போய்விடும், ஆனாலும் அந்த நகம் வளர்ந்தது கரையானுக்காக.

கல்லெலும்பு எழுதியது:

மசினகுடி அண்ணா சொன்னதைப் படித்ததும் உடனே எழுத வந்துவிட்டேன், ஏனென்றால் டைனோசருக்கும் தடம் இருக்கிறது. சீனாவில் ஷான்டாங் மாகாணத்தில் பாறையில் பதிந்த தடங்கள், ஒவ்வொன்றும் சுமார் 28 செ.மீ. நீளம். மூன்று விரல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு விரல்தான் மண்ணில் பதிந்திருக்கிறது. உள்பக்கத்து விரலுக்கு அதன் அடிப்பகுதி மட்டும் லேசாக அழுந்தியிருக்கிறது. அதாவது அந்தப் பெரிய நகத்தைத் தரையில் படாமல் மேலே தூக்கி வைத்துக்கொண்டே நடந்திருக்கிறது. எலும்பு மூட்டைப் பார்த்தாலும் அந்த விரல் நன்றாக மேலே மடியும். சிறுத்தை உறைக்குள் வைத்துக் காப்பாற்றுவதை இது தூக்கிப் பிடித்துக் காப்பாற்றியது. அந்த இடத்தில் ஆறு தடவரிசைகள் ஒன்றுக்கொன்று இணையாகப் போகின்றன, சேர்ந்து நடந்திருக்கும் போல.

அதனால் பாப்பாவிடம் சொல்லுங்கள், பொம்மையின் நடக்கிற காலில் இரண்டு விரல்தான் தரையைத் தொட வேண்டும்.

கரடி விஷயமும் ரொம்பப் பொருத்தம். தெரிசினோசாரஸ் என்று ஒன்று, மங்கோலியாவில் 1948-ல் கிடைத்தது. கையில் அரை மீட்டருக்கும் நீளமான நகங்கள். 1954-ல் பெயர் வைத்தவர் அதை ஆமை மாதிரி ஒரு பெரிய ஊர்வன என்றே நினைத்தார். கடைசியில் பார்த்தால் செடி தின்னும் டைனோசர், கிளையை வளைத்துப் பிடித்திருக்கும். மெகாராப்டர் என்று இன்னொன்று, அர்ஜென்டினாவில். 1998-ல் பெயர் வைத்தபோது அந்தப் பெரிய நகத்தைக் கால் நகம் என்று வைத்துவிட்டார்கள், பிறகு முழுக் கை கிடைத்ததும்தான் அது கை நகம் என்று தெரிந்தது. தனி நகம் ஒன்றைப் பார்த்து முழுக் கதை எழுதுவது அவ்வளவு சுலபம் இல்லை.

கொன்று தின்கிறவைகளிலும் ஒவ்வொன்றும் ஒரு வழி. பாரியோனிக்ஸ், 1983-ல் இங்கிலாந்தில் சர்ரே பக்கத்தில் களிமண் குழியில் வில்லியம் வாக்கர் என்பவர் முதலில் பார்த்தது வெறும் நகம்தான், 31 செ.மீ. அதன் வயிறு இருந்த இடத்தில் மீன் செதில்கள் கிடைத்தன, செடி தின்னும் டைனோசரான இகுவானோடானின் இளம் குட்டி எலும்பும் கிடைத்தது. முதலை மாதிரி நீள வாய், கட்டைவிரலில் கொக்கி. அலோசாரஸுக்குக் கையில் மூன்று வளைந்த நகங்கள், இரையை இழுத்துப் பிடிக்க. டைரனோசாரஸ் அப்படியே மாறாக, பன்னிரண்டு மீட்டர் உடம்புக்குக் கை ஒரு மீட்டர் அளவில், இரண்டே விரல், எலும்பை நொறுக்குகிற வாய் இருப்பதால் வேட்டையின் பாரம் முழுக்கத் தலையில் ஏறிவிட்டது. நம் நாட்டு ராஜாசாரஸ், குஜராத்தில் கிடைத்து 2003-ல் பெயர் வைத்தது, அதன் குடும்பத்தில் கை இன்னும் சின்னது.

குளிர்காற்று79 எழுதியது:

தடம் பற்றிச் சொன்னது எனக்குப் புதிது. கழுத்தில் நகம் இருந்த அந்த எலும்புக்கூடு ஜோடியின் படத்தைத் தேடிப் பார்த்தேன், நீண்ட நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிழிக்கிற வேலை அங்கே நடக்கவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். கறிக்கடை அண்ணன் சொன்னதும் மறுக்க முடியாதது.

ஒன்று தோன்றியது. நகம் என்று சொன்னாலே நம் விரல் நகம் ஞாபகம் வந்துவிடுகிறது, கீறுவது, பிராண்டுவது என்று யோசனை அந்தப் பக்கம் போய்விடுகிறது. பழைய தமிழில் இதற்கு உகிர் என்று சொல் இருக்கிறது. பொம்மைக்குக் கீழே எழுதும்போது 'பிடி உகிர்' என்று எழுதலாமே.

நீலகிரியில் டைனோசர் எலும்பு ஏதாவது கிடைத்திருக்கிறதா? பாறை நிறைய இருக்கிறதே.

கல்லெலும்பு எழுதியது:

'பிடி உகிர்' அருமை அண்ணா, நான் இனிமேல் அப்படித்தான் எழுதப் போகிறேன்.

நீலகிரியில் கிடைக்காது. நம் மலை சார்னோகைட் பாறை, பூமிக்குள் ஆழத்தில் வெந்து உருமாறியது, சுமார் 250 கோடி ஆண்டு வயது. டைனோசர் வந்ததே 23 கோடி ஆண்டுக்கு முன்னால்தான். எலும்பு தங்க வண்டல் படிந்த பாறை வேண்டும். அதற்கு அரியலூர் போக வேண்டும். அங்கே கல்லமேடு என்ற இடத்தில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளுக்கு 1987-ல் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முதலில் ஊன் தின்னும் இனம் என்று எழுதினார்கள், பிறகு நீளக் கழுத்து இலை தின்னி என்று மாற்றினார்கள். அந்த எலும்புகள் பாதுகாக்கப்படாமல் பொடிந்தே போய்விட்டன, அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

ஆனால் அதே கல்லமேட்டுப் படிவத்திலிருந்து 2013-ல் ஒரு சின்னப் பல்லை வெளியிட்டார்கள், ட்ரூடோன்டிட் குடும்பத்துப் பல் என்று. அந்தக் குடும்பம் வெலாசிராப்டருக்கு நெருங்கிய சொந்தம், அதற்கும் காலின் இரண்டாவது விரலில் தூக்கி வைத்த வளைந்த நகம் உண்டு. நம் காவிரிப் படுகையில், ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டுக்கு முன்னால், ஏதோ ஒரு சின்ன இரை மேல் அப்படி ஒன்று ஏறி நின்றிருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்.

கொழுந்துக்கூடை எழுதியது:

பொம்மையை முழுக்கக் கலைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். இப்போது வெலாசிராப்டர் நிற்பது ஒரு குட்டி புரோட்டோசெராடாப்ஸ் மேல். இரண்டு காலும் இரையின் விலாவில், உள்பக்கத்து நகம் மட்டும் கூழுக்குள் முழுசாகப் புதைந்திருக்கிறது. கை இரண்டும் விரித்து, கழுத்து கீழே குனிந்து. முதலில் கம்பி கனம் தாங்காமல் முன்பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது. இரண்டு நாள் முயற்சிக்குப் பிறகு வாலை நீட்டிக் கம்பியைத் தடியாக்கினாள், நின்றுவிட்டது. "அதுக்கும் இப்படித்தான் சாஞ்சிருக்கும்மா, அதான் கையை அடிச்சிருக்கு" என்றாள்.

தரையில் தனியாக ஈரக் களிமண் பரப்பி இரண்டு விரல் தடம் நாலு பதித்திருக்கிறாள். கறிக்கடை அண்ணன் சொன்ன கொக்கி வாங்கிவிட்டோம், வாழைத்தண்டு கண்காட்சி அன்று காலையில் வெட்டிக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக்காரர் தன் கவாத்துக் கத்தியைக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், ஆனால் மேஜைக்குப் பக்கத்தில் ஆசிரியர் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. சிவப்புப் பெயின்டில் பாதி, முதுகில் கொத்திய இடத்துக்கு ஆகிவிட்டது.

இறகுக்குத்தான் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தோம். அந்தச் சிவப்புப் பெட்டையின் இறகு, ராஜாளி பிடுங்கிப் போட்டது, வேலியோரம் தேயிலைச் செடிக்குள் நிறையச் சிக்கிக் கிடந்தது. நேற்று சாயங்காலம் மகள் போய் ஒரு பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வந்து, கழுவி, அடுப்புக்குப் பக்கத்தில் முறத்தில் காய வைத்திருக்கிறாள்.